எண்ணிக்கை சரியாக இருந்த நாள்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான். அதனால் இதை யாரும் நம்பவேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

1983-இல் சமூகநல இலாகாவில் சேர்ந்தேன். கோல சிலாங்கூர் அலுவலகத்தில் தமிழ் பேசத் தெரிந்த ஒரே வெளிவேலை அதிகாரி நான்தான் என்பதால் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் அத்தனையும் என் தலையில் விழுந்தன. பெட்டாலிங் ஜெயாவில் ஆறு வாரம் குழந்தைநலப் பயிற்சி முடித்திருந்தேன். ‘சந்திரிகா’ என்று என் பெயர் போட்டுக் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தேன். திமிருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அந்தத் தோட்டத்தின் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆயாக்கொட்டகை, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்குப் பின்னால், பெரிய வடிகாலை ஒட்டி இருந்தது. பால் வெட்டப் போகும் தாய்மார்கள் விடியுமுன்னே பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கிவந்து அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பகல் ஒரு மணிக்கு மேல்தான் திரும்பி வருவார்கள். அதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆயா, தாயம்மா. ஐம்பது வயதிருக்கும். வளவளவென்று பேசாத பெண்மணி. நான் முதன்முதலில் போன அன்று அவரிடம் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள்.

அவர்களில் எட்டுப் பேரைத் தாயம்மா கட்டிவைத்திருந்தார். பழைய கைலியைக் கிழித்துத் திரித்த துணி. ஒரு முனை பிள்ளையின் கணுக்காலில், மறுமுனை கொட்டகைத் தூணில். துணியின் நீளம் வாசற்படிக்கு ஒரு சாண் முன்னாலேயே முடிந்துவிடும். பிள்ளைகள் அழவில்லை. அந்த வட்டத்துக்குள் சாவகாசமாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும்தான் இரத்தம் கொதித்தது.

“இது என்ன ஆயாக்கொட்டகையா, மாட்டுக் கொட்டகையா?” என்று கேட்டேன்.

“நடக்கத் தெரிஞ்சி புத்தி தெரியாத புள்ளைங்க மிஸ். பால் காய்ச்சுற நேரம் மட்டுந்தான். காய்ச்சி முடிச்சதும் அவுத்துருவேன்.”

“இப்பவே அவுத்துருங்க. இனிமே ஒரு பிள்ளையையும் கட்டக்கூடாது. இது இலாகா உத்தரவு.”

அப்படி ஓர் உத்தரவு எழுத்தில் எங்கேயும் இல்லை. பிள்ளையைக் கட்டுவது தப்பென்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள், எனக்கு அது போதுமாக இருந்தது. தாயம்மா குனிந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். எட்டாவது முடிச்சு அவிழ்ந்ததும் நிமிர்ந்தார்.

“அவுத்தாச்சு. அப்ப கூட ஒரு ஆளு குடுங்க மிஸ். எனக்கு இருக்கிறது ரெண்டு கண்ணுதான்.”

“எழுதுறேன்,” என்றேன்.

எழுதவில்லை. மாதக் கடைசி அறிக்கையில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் தாயம்மா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, வாசு என்கிற இரண்டு வயதுப் பிள்ளை கொட்டகைக்குப் பின்னால் இறங்கிப் போய் வடிகாலில் விழுந்து இறந்துபோனான். தாய் வேலம்மாவுக்கு அப்போது அவன் ஒரே பிள்ளை. பால் வெட்டிக்கொண்டிருந்தவளை வெட்டுக்காட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

தோட்ட ஆபீசில் விசாரணை நடந்தது. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி நாராயணசாமி கேள்வி கேட்க, போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். இலாகா சார்பில் நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

“எப்பவும் கட்டித்தான போடுவ? அன்னிக்கு ஏன் கட்டல?” என்று கேட்டார் கிராணி.

தாயம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்த பைலைப் பார்த்தேன். வேலை நிரந்தரமாகாத காலம். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். இந்தக் காரணங்களை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. பயந்தேன் என்பதுதான் உண்மை.

“கட்டல,” என்று மட்டும் சொன்னார் தாயம்மா.

கவனக்குறைவு என்று எழுதி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். சாமான்களை லோரியில் ஏற்றிய அன்று வேலம்மா வந்து இரண்டு கை மண்ணை அள்ளித் தாயம்மாவின் முகத்தில் எறிந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் அந்த வாரம் லீவில் இருந்தேன்.

அடுத்த இரண்டு வருடத்தில் அந்தக் கொட்டகைக்கு மூன்று ஆயாக்கள் வந்தார்கள், மூன்று பேரும் போய்விட்டார்கள். ஒருத்தி நான்கு மாதம் இருந்தாள், ஒருத்தி ஒன்பது நாள். காரணம் கேட்டால் சரியாகச் சொல்லமாட்டார்கள். “அங்க புள்ள கூட இருக்கு,” என்றாள் ஒன்பது நாள் இருந்தவள். பிள்ளைகள் அதிகம் என்று சொல்கிறாள் என எடுத்துக்கொண்டு, சோம்பேறி என்று குறித்துவைத்தேன்.

1985-இல் தோட்டத்து ஆயாக்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினேன். அனுமதி கிடைத்தது. கோல சிலாங்கூரில் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் பத்து நாள், பதினான்கு பெண்கள். பால்புட்டியை எப்படிக் கொதிக்கவைப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்பும் சீனியும் எவ்வளவு கலப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு காலையில் மூன்று தடவை, ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு எண்ணவேண்டும். எண்ணிக்கையைப் பலகையில் எழுதவேண்டும். இந்தப் பாடம் எந்தப் பிள்ளையால் வந்தது என்று மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கடைசி நாள் மேலதிகாரி வந்து பாராட்டிவிட்டுப் போனார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினான்கு பேரில் கெட்டிக்காரி தங்கமணி. இருபத்திரண்டு வயது, மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள், அதே தோட்டத்துப் பெண். ரவாங்கில் பேக்டரி வேலைக்குப் போக இருந்தவளைப் பேசிப் பேசித் தடுத்து, அந்தக் கொட்டகையில் ஆயாவாகப் போட்டவள் நான். ஒரே மாதத்தில் பஸ் ஏறி என் ஆபீசுக்கு வந்தாள்.

“மிஸ், ஒண்ணு சொன்னா சிரிக்கக்கூடாது லா.”

“சொல்லு.”

“புக்குல இருபத்துநாலு பேரு. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி தலையத் தொட்டுத்தான் எண்ணுறேன். இருபத்தஞ்சு வருது. டெய்லி வருது.”

“ஒரு பிள்ளைய ரெண்டு தடவ தொட்டிருப்ப.”

“பேரு சொல்லிப் பாத்தா எல்லாம் நம்ம புள்ளைங்கதான், கூட ஒருத்தரும் இல்ல. எண்ணுனா மட்டும் ஒண்ணு கூடுது. ஒவ்வொரு தடவையும் பேரு சொல்லிக்கிட்டிருந்தா பால் யாரு காய்ச்சுறது?”

மறுநாளே போனேன். எண்ணுவது எப்படி என்று அவளுக்குக் காட்டிக் கொடுக்கும் எண்ணம். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே நடந்தேன். பதினெட்டோ பத்தொன்பதோ சொல்லும்போது ஒரு தலை ஈரமாக இருந்தது. குளிப்பாட்டிவிட்டுத் துவட்டாமல் விட்டிருக்கிறாள், சொல்லவேண்டும் என்று நினைத்தபடியே தாண்டினேன். முடிக்கும்போது என் வாய் இருபத்தைந்து என்றது. திரும்பிப் பார்த்தேன். பாயில் எந்தப் பிள்ளையின் தலையும் ஈரமாக இல்லை. என் உள்ளங்கையும் காய்ந்துதான் இருந்தது.

“எத்தன மிஸ்?” என்று வாசலிலிருந்து கேட்டாள் தங்கமணி.

“இருபத்துநாலு,” என்றேன். “ஒழுங்காத் தூங்கு. தூக்கம் கெட்டா இப்படித்தான் இருக்கும்.”

அவள் பலகையில் இருபத்துநான்கு என்று எழுதினாள். ஆபீசுக்குத் திரும்பி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். அன்றிலிருந்து தலை வாரும்போதுகூட என் ஈர முடியில் கை படாமல் பார்த்துக்கொள்வேன். அந்தக் கொட்டகைக்கு நான் இரண்டு மாதம் போகவே இல்லை.

அக்டோபரில் ஆண்டுச் சோதனை வந்தது. போகாமல் இருக்க வழியில்லை. கிராணி நாராயணசாமியும் கூட வந்தார். கொட்டகை சுத்தமாக இருந்தது, புட்டிகள் வரிசையாக இருந்தன. தங்கமணி அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். நடுவில் ஓரிடத்தில் அதே ஈரம். கையை இழுத்துக்கொண்டு மேலே போனேன். முடிவில் இருபத்துநான்கு வந்தது.

சரியாக வந்துவிட்டது! எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. ஈரத்தை மறந்தேன். எல்லாம் வெறும் பிரமை, என் மனதில் இருந்த அழுக்கு, அவ்வளவுதான் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

“பாத்தீங்களா கிராணி? இருபத்துநாலு. சரியா இருக்கு,” என்றேன் உரக்க.

அடுப்படியிலிருந்து கரண்டி விழும் சத்தம் கேட்டது. தங்கமணி வாசலுக்கு வந்து நின்றாள்.

“மிஸ், எத்தன?”

“இருபத்துநாலு.”

“அன்னிக்கு மாதிரி பொய் சொல்லாதீங்க. இன்னிக்காவது உண்மையச் சொல்லுங்க. கையில எத்தன வந்திச்சு?”

“சத்தியமா இருபத்துநாலுதான்.”

“எனக்கு எப்பவும் இருபத்தஞ்சு வரும். ஒண்ணு கழிச்சிட்டுத்தான் பலகையில எழுதுவேன். சரியா வரக்கூடாது மிஸ். சரியா வந்தா நம்ம புள்ள ஒண்ணு இல்ல!”

சொல்லிக்கொண்டே ஓடினாள். நானும் ஓடினேன். கொட்டகையின் பின்பக்க வேலியில் இரண்டு பலகை விழுந்து கிடந்தது. அதைத் தாண்டி, வடிகாலின் சரிவில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே ஒரு பெண்குழந்தை குந்தியிருந்தது. வேலம்மாவின் இரண்டாவது பிள்ளை புனிதா, ஒன்றரை வயது. கையில் இருந்த பிஸ்கட்டைத் தண்ணீரை நோக்கி நீட்டி, “ந்தா, ந்தா” என்று சிரித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கலங்கலாக, அசையாமல் கிடந்தது. அங்கே யாரும் இல்லை. குழந்தையின் கை மட்டும், எதிரே ஒருவர் வாங்கிக்கொள்ளக் காத்திருப்பதுபோல, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று நீண்டுகொண்டிருந்தது.

தங்கமணி சரிவில் வழுக்கி இறங்கிக் குழந்தையை வாரி எடுத்தாள். குழந்தை திமிறித் திமிறி அழுதது. வடிகாலைப் பார்த்துத்தான் அழுதது.

கிராணி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். “நல்ல வேள. பேசாம பழையபடி கட்டிப்போட்டுற வேண்டியதுதான் லா. அந்தத் தாயம்மா இருவது வருசம் கட்டுச்சு, ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆவல. கட்டாத அன்னிக்குத்தான போச்சு?”

நான் விழுந்து கிடந்த பலகை ஒன்றை எடுத்து வேலியில் சாய்த்தேன்.

“கட்டவும் வேணாம், ஒண்ணும் வேணாம்,” என்றாள் தங்கமணி. அவள் உடம்பெல்லாம் சேறு. “நாளையிலேருந்து நான் ஒண்டியா இங்க இருக்கமாட்டேன். கூட ஒரு ஆளு வேணும். அதுவும் தாயம்மா பெரிம்மா வேணும். இல்லன்னா ரவாங்குக்குப் போறேன், வேற யாரையாச்சும் பாத்துக்குங்க.”

“தாயம்மாவா? கவனக்குறைவுன்னு நிப்பாட்டுன ஆளாச்சே. இலாகா எழுத்துல குடுக்கட்டும், அதுமேல தப்பில்லன்னு. தொரைகிட்ட நான் பேசுறேன்,” என்றார் கிராணி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எழுதவேண்டிய கை என்னுடையது. எழுதினால் என் உத்தியோகம் என்ன ஆகும் என்று தெரியாது. எழுதாவிட்டால் தங்கமணி போய்விடுவாள், அந்த வடிகால் ஓரத்தில் இருபத்துநான்கு பிள்ளைகளும் ஒரு பொய்க் கணக்கும் மட்டும்தான் மிஞ்சும்.

அன்று மாலையே தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து எழுதினேன். கட்டக்கூடாது என்று வாய்மொழியாக உத்தரவிட்டது நான். இன்னொரு ஆள் வேண்டும் என்று ஆயா கேட்டதை மேலே தெரிவிக்காததும் நான். மேலதிகாரி இரண்டு தடவை படித்தார். “ரெண்டு வருஷம் கழிச்சா?” என்று மட்டும் மலாயில் கேட்டார். என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றார். தோட்டத்துக்கு அனுப்பவேண்டிய பிரதியில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சுங்கை பெசாருக்குப் பஸ் ஏறினேன். தாயம்மா மகள் வீட்டில் இருந்தார். பகலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறத்தில் வெங்காயம் உரிக்கும் வேலை. அங்கே போனேன். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. நான் உட்காரப் பக்கத்திலிருந்த பலகையைக் காலால் தள்ளிக் கொடுத்தார். நான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே உரித்தார்.

“அன்னிக்கே ஏன் சொல்லல நீங்க? நான்தான் அவுக்கச் சொன்னேன்னு ஒரு வார்த்த?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

“நீ சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்,” என்றார். முன்பு மிஸ் என்று கூப்பிட்டவர் இப்போது கூப்பிடவில்லை. “நீ வாயத் தொறக்கல. நீயே தொறக்காதப்ப நான் சொன்னா யாரு நம்புவா?”

தங்கமணி கூப்பிடுவதைச் சொன்னேன். எண்ணிக்கையைச் சொன்னேன். ஈரத் தலையையும் சொன்னேன். அப்போதுதான் அவர் கை நின்றது.

“அது வாசுதான். சிரங்குக்கு மருந்து போடணும்னு டெய்லி காலையில மொத ஆளா அவனுக்குத்தான் தலைக்குத் தண்ணி ஊத்துவேன்,” என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயத்தால் என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. பிறகு வேலைப் பேச்சில் இறங்கினார். “புள்ள போவுறது ரெண்டு நேரந்தான். பால் காய்ச்சுற நேரம், பீத்துணி அலசுற நேரம். அந்த ரெண்டு நேரமும் ஒருத்தி அடுப்புல, ஒருத்தி வாசல்ல. வாசல்ல இருக்கிறவ ஒரு வேலயும் செய்யக்கூடாது, பாக்கணும், அவ்வளவுதான். இத எண்ணித் தெரிஞ்சிக்க முடியாது.”

பத்து நாள் பயிற்சியில் இந்த வரி ஒன்று இல்லை. இருபது வருடம் பிள்ளை பார்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். என்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

“வருவீங்களா?”

“வரேன். ஆனா ஆபீசுக்கு எழுதுனது பத்தாது. வேலம்மாவுக்குத் தெரியணும். நீயே போயி சொல்லு. அது தெரியாம நான் அந்த லயத்துப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டேன்.”

அன்று பகல் மூன்று மணிக்கு வேலம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வெட்டுக்காட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து விரல் இடுக்கில் காய்ந்திருந்த ரப்பர் பாலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். புனிதா அவள் மடியில் இருந்தாள். முந்தின நாள் நடந்ததற்காக விசாரிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, “உக்காருங்க மிஸ், நேத்து நீங்க மட்டும் வரலன்னா...” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிமுடித்தேன். துணியை அவிழ்க்கச் சொன்னது, ஆள் கேட்டது, நான் எழுதாதது, விசாரணையில் பைலைப் பார்த்தது, எல்லாம்.

அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றுதான் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. விரலிலிருந்து ஒரு பால் இழையை மெதுவாக உரித்தாள்.

“அந்தம்மாவக் கொலகாரின்னு சொன்னேன்,” என்றாள். “லோரியில ஏறுறப்ப மண்ண வாரி மூஞ்சியில அடிச்சேன். தொடச்சிக்கிட்டு, ‘வேலு, சாப்பிடாம கெடக்காத’ன்னு சொல்லிட்டுப் போச்சு. அதுக்கும் காறித் துப்புனேன். ரெண்டு வருசம் டெய்லி வெளக்கு வச்சி அந்தம்மா வெளங்கக்கூடாதுன்னு கும்புட்டேன் மிஸ். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?”

மன்னித்துவிடு என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று அப்போதாவது தெரிந்தது.

அவள் எழுந்து உள்ளே போனாள். சேலை மாற்றிக்கொண்டு, தலையை அவசரமாக முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

“சுங்கை பெசாருக்கு பஸ்சு எத்தன மணிக்கு?”

“நாலு மணிக்கு ஒண்ணு இருக்கு. வா, வீட்ட நான் காட்டுறேன்.”

“நீங்க வரவேணாம். நான் அந்தம்மா கால்ல விழுவுறப்ப நீங்க பக்கத்துல நிக்கக்கூடாது.”

“அப்பன்னா பிள்ளைய நான் பாத்துக்கிறேன். நீ போயிட்டு வர்றவரைக்கும்,” என்று கையை நீட்டினேன். புனிதா என்னிடம் வரத் தாவினாள். வேலம்மா பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, நான்கு வீடு தள்ளிப் போய், நல்லம்மாள் என்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.